லூப் ரோடு அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

ஓட்டக் குழு நண்பர்களுக்கும், யார் எவர் என்று தெரியாமலே ஓடிவந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கெண்டைக்கால் இரண்டும் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மற்றபடி நன்றாக இருக்கிறேன். இத்தனை நாளும் உங்கள் போனுக்கெல்லாம் என் கணவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. அதனால் நானே எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் லாங் ரன்னில், அதாவது நீண்ட தூர ஓட்டத்தில், உடம்பு சூடேறி ஹீட் ஸ்ட்ரோக்கில் நான் விழுந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். சொல்லப்போனால் எனக்குத்தான் சரியாகத் தெரியாது. மெரினா கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, கடலோர லூப் ரோட்டில் நுழைந்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது. மிச்சத்தை ஆளுக்கொரு துண்டாக நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் மறுபடி இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அவரைப் பார்த்தீர்கள். அவர் யார், என்ன என்று விசாரிக்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

மீன் அங்காடிப் பக்கம் கடை வைத்திருக்கும் அக்கா. பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வோணாம் பாப்பா, அப்பால ஆளாளுக்கு வந்து போட்டோ புடிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன்.

என்னை ஒரு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பேச்சு ஓடியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் யாருக்கும் அதுதான் தோன்றும். அக்கா குறுக்கே வந்து என் கழுத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். "உடம்பு இந்தக் கொதி கொதிக்கிது, எங்க தூக்கினு போறீங்க? மொதல்ல படுக்க வெய்யி" என்று ஒரு சத்தம். தெர்மாகோல் பெட்டியிலிருந்த மீனை ஒரு பக்கம் கவிழ்த்துவிட்டு, அடியிலும் மேலிலும் இருந்த ஐஸை அள்ளி என் மேல் கொட்டியிருக்கிறார். அது வழுக்கி வழுக்கித் தரையில் போயிருக்கிறது. உடனே பக்கத்துக் கடை நீலத் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அதில் என்னைக் கிடத்தி, நாலு மூலையையும் நாலு பெண்கள் தூக்கிப் பிடித்துக்கொள்ள, டிரம்மில் இருந்த தண்ணீரையும் ஊற்றி மிச்ச ஐஸையும் போட்டார்களாம். கழுத்துக்குக் கீழே முழுக்க ஐஸ் தண்ணீர். போனைத் தூக்கிப் படம் எடுக்க வந்த இரண்டு பையன்களை அவர் திட்டிய திட்டை நம் குழுத் தம்பி ஒருவன் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான். அதை இங்கே எழுத முடியாது. கேட்டதில் மனசு நிறைந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து என் மேல் போர்த்தியதும் அவர்தான்.

இவ்வளவையும் நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். என் சொந்த நினைவில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஒரு குரல்.

உன் பேர் என்ன, வீடு எங்கே என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம், "மதுரை பஸ் எங்க நிக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். சென்னைக்கு வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது மதுரைக்கு யாரும் பஸ்ஸில் போவதுகூட இல்லை. மூளை சூடேறினால் என்னத்தையோ கிளறி எடுக்கும் போலிருக்கிறது. எல்லாரும் "இது லூப் ரோடு, நீ சென்னையில இருக்க" என்று புரியவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். நான் எழுந்து போகத் திமிறியிருக்கிறேன். அக்கா மட்டும் என் நெற்றியில் ஐஸை வைத்து அழுத்திக்கொண்டே, "மதுர பஸ்ஸுதானே, தோ வருது கண்ணு. சீட்டு போட்டுட்டேன். வந்ததும் எழுப்புறேன், நீ படு" என்றார். அந்தக் குரல்தான் எனக்குள் தங்கியிருக்கிறது. சீட்டு போட்டாயிற்று என்று கேட்டதும் வந்த நிம்மதியும். அதன் பிறகு நான் திமிறவில்லை என்கிறீர்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவு டாக்டர் பிறகு விளக்கினார். ஹீட் ஸ்ட்ரோக்கில் உள்ளுடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். எவ்வளவு ஏறியது என்பதைவிட, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தோம் என்பதுதான் மூளையையும் ஈரலையும் கிட்னியையும் காப்பதா கெடுப்பதா என்று முடிவு செய்கிறது. அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஞாயிறு காலை டிராஃபிக் குறைவுதான் என்றாலும், ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தேடி, உள்ளே போய்ச் சேருவதற்குள் அந்த அரை மணி போயிருக்கும். "நீங்க வரும்போதே பாதி வேலை முடிஞ்சிருந்துச்சு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "யாரு மேடம் உங்களை மீன் பெட்டியில வெச்சது?" என்று கேட்டார். ஐசியுவில் ஒரு நர்ஸ் என் தலைமுடியிலிருந்து செதில்களை ஒவ்வொன்றாக எடுத்து டிஷ்யூவில் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய செதில்கள். சங்கராவாக இருக்க வேண்டும்.

படுக்கையில் சும்மா கிடந்ததில் நிறைய படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மவுத்தில் ஆகஸ்ட் மாதம் 7 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்று நடக்கிறது. தூரம் குறைவு, ஆனால் ஈரப்பதமும் வேகமும் சேர்ந்து வருஷா வருஷம் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆட்கள் விழுவார்கள். ஓட்டம் முடியும் இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி வைத்து, விழுந்தவர்களை உடனே அதில் இறக்குகிறார்கள். அங்கே 18 ஆண்டுகளின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்ததில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்திருக்கிறது. 274 பேரும் பிழைத்திருக்கிறார்கள். முதலில் குளிரவை, பிறகு கொண்டுபோ என்பதுதான் அவர்கள் விதி. தொட்டி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தார்ப்பாயில் ஆளைக் கிடத்தி, ஓரங்களைப் பலர் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி, அது உடம்பில் அலைந்துகொண்டே இருக்கும்படி இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். படத்தோடு போட்டிருந்தார்கள். அவர்கள் தார்ப்பாயும் நீலம்தான்.

நடக்க முடிந்ததும் முதல் வேலையாக லூப் ரோட்டுக்குப் போனேன். கணவரும் கூட வந்தார். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. படுத்துக் கிடந்த முகத்தைத்தானே பார்த்திருக்கிறார். "மதுரை பஸ்" என்றேன். அவ்வளவுதான். கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு, மீன் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை. "இன்னா பாப்பா, இப்பிடி எளச்சிப் பூட்ட?" என்றார்.

இப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஏதோ அனுபவம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "இதுல இன்னா தெரியறதுக்குக் கீது? மீனு சூடானா கெட்டுப் பூடும்னு ஐசுல வெக்கிறோம். மனுசன் மட்டும் கெடமாட்டானா?" என்றார். ஃபால்மவுத்காரர்களைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன்.

ஐஸ் விஷயம் பக்கத்துக் கடைப் பெண்மணி சொல்லித்தான் தெரிந்தது. அக்கா விடியுமுன் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே ஐஸ் பாரை உடைத்து வாங்கி, ஷேர் ஆட்டோவில் கொண்டுவருகிறார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் வாரத்துக்கே வியாபாரம். அன்றைக்கு ஐஸ் முழுக்க என் மேல் போய்விட்டது. மறுபடி வாங்கிவர ஆள் இல்லை. நெத்திலி முதலில் தளர்ந்துபோயிருக்கிறது. கானாங்கெளுத்தியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். கவரில் கொண்டுபோன பணத்தைத் தொடவே இல்லை. "ஐசுக்கு இன்னாம்மா துட்டு? உசுரோட வந்து நிக்கிற. மீனு வோணும்னா வாங்கிக்கோ, அதுக்குக் காசு குடு."

நம் குழுவில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். லூப் ரோடு என்றால் ஓட்டக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நாற்றம், ஈரத்தரை, வழியை அடைத்து நிற்கும் பைக்குகள். 2023 ஏப்ரலில் விஷயம் நீதிமன்றம் வரை போய், மாநகராட்சி ரோட்டோர மீன் கடைகளை எடுத்தபோது, மீனவர்கள் ரோட்டின் குறுக்கே படகுகளைப் போட்டு மறித்தார்கள். 2024-ல் புது அங்காடி திறந்தார்கள். அப்போதெல்லாம் ஓடுகிறவர்கள் மத்தியில் நடந்த பேச்சு, 'ரோடு கிளியர் ஆனால் நல்லது' என்ற அளவில்தான் இருந்தது. வாரத்தில் ஒரு காலை நமக்கு அது ஓடுபாதை, அவர்களுக்கு அது ஊர். நொச்சிக்குப்பத்துக்காரர்கள் வீட்டு வாசலில் நின்று நம்மைப் பார்க்கிறார்கள், நாம் கையில் கட்டிய கார்மின் வாட்சைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறோம். இனிமேல் இந்தக் குழுவில் யாராவது அந்தக் கடைகளைப் பற்றி மூக்கைச் சுளித்தால் நான் சண்டைக்கு வருவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மற்ற எல்லாருக்கும் மொத்தமாகத்தான் நன்றி சொல்ல முடிகிறது, தப்பாக நினைக்காதீர்கள். தங்கள் லாங் ரன்னைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்த, நமக்கு வேகம் பிடித்துக் கூட ஓடும் பேசர் அண்ணனுக்கும் தம்பிகளுக்கும். ஆக்டிவாவில் போய்த் தண்ணீர் கேன் தூக்கிவந்த அந்த முகம் தெரியாத பையனுக்கும். வழியெல்லாம் ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டே வந்த 108 ஊழியர்களுக்கும். டாக்டர்களுக்கும், செதில் பொறுக்கிய நர்ஸுக்கும். மெரினாவில் அநாதையாக நின்ற என் ஸ்கூட்டரை வீட்டில் சேர்த்தவருக்கும். என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய் டிபன் டப்பாவும் கட்டிக்கொடுத்த எதிர்வீட்டு மாமிக்கும். என் டேபிள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஆபீஸ் தோழிகளுக்கும். இளநீர் கொண்டுவந்தவர்கள் பட்டியல் நீளம். ஃப்ரிட்ஜில் இடமில்லை, தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுபடி ஓடுவாயா என்று அம்மா கேட்கவில்லை, கேட்காமல் முறைக்கிறாள். சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் தசைச் சிதைவைக் காட்டும் சிகே அளவும் ஈரல் அளவுகளும் பழைய நிலைக்கு வந்தபின், டாக்டர் சரி என்றால், ஏசி அறையில் டிரெட்மில்லில் நடையிலிருந்து ஆரம்பம். உடம்பு வெயிலுக்கு மறுபடி பழகுவதற்கு அவசரப்படக் கூடாது என்கிறார். வரும் ஜனவரி சென்னை மாரத்தானில் ஓடப்போவதில்லை. நேப்பியர் பாலத்தில் உங்களை அனுப்பிவைத்துவிட்டு, ரூட்டில் எங்கே ஆள் தேவையோ அங்கே ஐஸ் பெட்டியோடு நிற்பேன்.

அதற்கு முன்னால் நம் குழுவுக்கு ஒரு வேலை. இரண்டு தார்ப்பாய் வாங்கிவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறு லாங் ரன்னுக்கும் தண்ணீர் வண்டியில் ஒரு தார்ப்பாயும் ஒரு பெட்டி ஐஸும் இருக்க வேண்டும், டிசம்பர் குளிரானாலும் சரி. நம் ஊரில் விடிகாலை 27 டிகிரிதான் காட்டும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கூட ஓடுகிறவர் திடீரென்று எரிந்து விழுந்தாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிறுத்துங்கள், 108-க்குச் சொல்லுங்கள், வண்டி வரும்வரை அவரை ஐஸ் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருங்கள். எப்படிப் பிடிப்பது, எப்படி ஆட்டுவது என்று ஒருநாள் பழகிப் பார்க்க வேண்டும். கிடப்பதற்கு ஆள் தேவை. நான் கிடக்க மாட்டேன்.

ஐஸை காசிமேட்டிலிருந்து அக்காவே சேர்த்து எடுத்துவருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், காசுக்குத்தான். ஓட்டம் முடிந்து வீட்டுக்கு மீன் வாங்குகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசிப் பார்க்க வேண்டாம். சங்கராவுக்கு நான் பேசிப் பார்த்தேன். ஐஸுக்கு ஒரு பைசா வாங்காதவர், மீனில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.