மரக்காலைச் சரிபார்த்த பாப்பரசர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் கோயிலுக்குப் போய் வருகிறாய் என்று படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை அப்புறம் வரும்.

பாப்பரசர் முதலாம் கிரகோரியாரை ஏன் 'பெரிய' கிரகோரியார் என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். திருச்சபை வழிபாட்டில் பாடும் கிரகோரியன் பாடல்களுக்காக இருக்கும் என்று பதிலையும் நீயே எழுதிவிட்டாய். அந்தப் பாடல்முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது அவர் காலத்துக்கு வெகு பின்னால். பெயர்தான் அவருடையது.

அவரை அறிய அவருடைய கடிதங்களைப் படிக்க வேண்டும். எண்ணூறுக்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. 590-இல் அவர் பொறுப்பேற்றபோது ரோமில் கொள்ளைநோய். முந்தைய பாப்பரசரே அதில்தான் இறந்தார். பக்கத்தில், இத்தாலிக்குள் படையெடுத்து வந்த ஜெர்மானிய இனத்தாரான லொம்பார்டியரின் படை. ரோமப் பேரரசரோ தொலைவில், கான்ஸ்டான்டிநோபிளில். ஊருக்குச் சோறு போட்டது சிசிலியில் திருச்சபைக்கு இருந்த நிலங்கள். அவற்றைக் கவனித்த பேதுரு என்ற துணைத் திருத்தொண்டருக்கு (குருவுக்குக் கீழ்ப்பட்ட திருச்சபைப் பணியாளர்) 591-இல் எழுதுகிறார்: குத்தகைத் தானியத்தைப் பெரிய மரக்காலில் அளந்து வாங்காதே, பதினெட்டுப் படிக்கு மேல் கொள்ளக் கூடாது. விளைச்சல் கூடிய வருடத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்காதே, சந்தை விலையைக் கொடு. உழவர்களுக்கு நான் எழுதியதை ஒவ்வொரு பண்ணையிலும் வாசித்துக் காட்டு, நகலும் கொடு, அநியாயம் நடந்தால் எதைச் சொல்லித் தடுப்பது என்று அவர்களுக்குத் தெரியட்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. வசூலிக்கிறவனே, கொடுக்கிறவன் கையில் ஆதாரத்தைக் கொடுக்கச் சொல்கிறான்!

596-இல் மறை பரப்ப இங்கிலாந்துக்குத் துறவியரை அனுப்பியவரும் அவரே. அங்குள்ள பழைய கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றுங்கள் என்று பின்னால் சொல்லி அனுப்பினார்.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 591-இல் ஆற்றிய மறையுரையில் இயேசுவின் சீடரான மகதலா மரியாவையும் லூக்கா நற்செய்தி சொல்லும் பாவிப் பெண்ணையும் ஒருவராக்கிவிட்டார். பாவி என்ற அந்தப் பழி பல நூறு ஆண்டுகள் மகதலா மரியாமேல் கிடந்தது. உன் மகளிடம் இதைச் சொல், கட்டாயம் என் பக்கம் நிற்பாள்.

கடிதத் தொகுப்பின் பிரதி ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்