வாடகை வாசல்: ஹப்புத்தளையிலிருந்து ஒரு கடிதம்

ஹப்புத்தளை,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கிளிநொச்சியில் புது வாடகை வீட்டுக்குக் குடிபோயிருப்பதாகவும், வெறுமையாகக் கிடக்கும் முன்முற்றத்தைக் காலையில் எழுந்து பார்க்கவே மனம் ஒப்பவில்லை என்றும், அதிகம் செலவழிக்காமல் அதை என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். கடந்த ஒன்றரை ஆண்டாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கழித்துப் போட்ட பொருட்களைக் கொண்டு வாசலை அழகாக்கும் வேலையில்தான் கழிந்திருக்கின்றன. மகன் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நான் ஓய்வுபெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வேறு செய்தி இல்லாததால், இந்தக் கடிதம் முழுவதும் வாசலைப் பற்றியே இருக்கும்.

எங்கள் வீடு சரிவில், ஒரு கருங்கல் கட்டுக்கு மேலே இருக்கிறது. வாசல் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். பாதி சீமெந்து, பாதி மண். பெருக்கிப் பார்த்தால் 240 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி என்பதால், எங்கள் வாசல் ஒரு பேர்ச்சஸ் கூட இல்லை. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று யாராவது பேசும்போதெல்லாம், இந்த வாசலை ஏழெட்டுத் தடவை அடுக்கி வைத்து மனதுக்குள் அளந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தெற்குப் பக்கம் தடுப்பே இல்லை. வானம் தெளிந்த காலைகளில் கீழ்நாட்டுச் சமவெளி வெகுதூரம் வரை தெரியும். பிற்பகலில் மூடுபனி ஏறிவந்து துணிக்கொடியையும் மறைத்துவிடும். சாவியைத் தரும்போதே வீட்டுக்கார அம்மா மூன்று நிபந்தனைகள் சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மண்ணைக் கிண்டக் கூடாது, போகும்போது வாசல் இன்று இருப்பதுபோலவே இருக்க வேண்டும். ஆகவே நான் வைப்பது எதுவானாலும் தன் காலில் தானே நிற்க வேண்டும், ஒருநாள் லொறியிலும் ஏற வேண்டும். உனக்கும் இதையே முதலில் சொல்வேன். வீட்டுக்காரரிடம் எதற்கெல்லாம் அனுமதி உண்டு என்று கேட்டுக்கொண்ட பிறகு பொருள் சேர்க்கத் தொடங்கு.

நான் முதலில் செய்தது பெரிய தவறு. 4,700 அடி உயரத்தில், மலைமுகட்டில் இருக்கும் இந்த ஊரில் ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்பது தெரிந்திருந்தும், காற்றை மறைக்க ஆறு ஐம்பது கிலோ உரப்பைகளைப் பிரித்துத் தைத்து ஒரு திரை செய்தேன். இருபுறமும் மூங்கில் கம்பு நட்டு, கம்புகளை மண் நிரப்பிய பெயின்ட் வாளிகளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவு காற்று அதைப் பாய்மரம்போல் உப்ப வைத்து, வாளியோடு சாய்த்து, வீட்டுக்கார அம்மா வெகுகாலமாக வைத்திருந்த மண் பூச்சாடியின்மேல் போட்டுவிட்டது. புதுச் சாடி வாங்கிக் கொடுத்து, ஒரு கிண்ணம் பாயசமும் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் ஆனேன். முழுதாக அடைத்த தடுப்பை மோதும் காற்று மேலே ஏறி, மறுபுறம் சுழன்று இறங்குகிறது. பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட தடுப்பு, காற்றைத் தன்னூடாகப் போகவிட்டே அதன் வேகத்தைக் குறைக்கிறது. தேயிலை மலைகளில் காற்று மறைப்புக்கு மதில் கட்டாமல் சவுக்கு மரங்களை வரிசையாக வைத்திருப்பதை ஐம்பது வருடம் பார்த்த எனக்கு இது பூச்சாடி உடைந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது அந்த இடத்தில் நிற்பது பலகைத் தட்டுகளால் ஆன மறைப்பு. பண்டாரவளையில் ஒரு வன்பொருள் கடையின் பின்புறம், தரை ஓடுகளை அடுக்கி ஏற்றிவந்த மரத் தட்டுகள் (பலட்டுகள்) மழையில் கிடந்தன. ஓட்டுநருக்கு மட்டும் கூலி கொடுத்து நான்கை எடுத்து வந்தேன். பலகைகளைக் கழற்றி, நான்கு அங்குலப் பலகைக்கு மூன்று அங்குல இடைவெளி விட்டு அடித்தேன். கப்பலில் வந்த தட்டுகளின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் எச்.டி. (HT) என்று இருந்தால், பூச்சி சாக மரத்தின் உள்மையம்வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள், எம்.பி. (MB) என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதை அங்கேயே விட்டுவிட்டு வா. வாளிகளில் இந்த முறை கல்லும் மணலும் போட்டேன். கொங்கிரீட் ஊற்றலாம் என்று மேசன் சொன்னார். இருபது லீற்றர் வாளியில் ஊற்றினால் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவை நெருங்கும், வீடு மாறும் நாளில் அதை யார் தூக்குவது? மணலைக் கொட்டிவிட்டு வெறும் வாளியோடு போய்விடலாம்.

அம்மா இதையெல்லாம் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், கதிரை போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் மாதம் முழுவதும், "குப்பையக் கொண்டாந்து குடித்தனம் வைக்கிறியா?" என்றுதான் கேட்டார். பிறகு ஒருநாள், நான் பழைய பால்மா டின்களைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் வெளியிலிருந்து ஆணி அடித்துத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, எழுந்து வந்து டின்னைப் பிடுங்கி, நிமிர்த்தி, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக ஆணியை அடித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நான் அடித்த டின்னில், ஆணி கிழித்த தகரத்தின் விளிம்பு உள்ளே மேடாக எழும்பி நின்றதால், அடியில் விரல் நுனி நனையும் அளவு தண்ணீர் தங்கிவிட்டது. அம்மா அடித்த டின்னில் ஒரு சொட்டும் நிற்கவில்லை. அதுவரை நான் டின்னில் வைத்த ஜெரேனியங்கள் ஏன் வேர் அழுகிச் செத்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

அம்மாவுக்கு இது எங்கே பழக்கம் என்று நீ கேட்க மாட்டாய். உன் அம்மாவும் இதைச் செய்தவர்தான். லயத்தில் குடும்பம் இருந்த பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம், அதன் முன்னால் இருந்த வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம், லயத்துக் கோடியில் போட்ட கத்தரிப் பாத்தியைக்கூட என்றாவது எடுக்கச் சொல்லலாம் என்று இருந்த நாட்களில், டின்னில் வளர்த்த செவ்வந்திதான் வீடு மாறினாலும் கையோடு வரக்கூடிய தோட்டமாக இருந்தது. உரச் சாக்கு மழைக் கொங்காணியானது, கூரைத் தகரம் கோழிக்கூடானது, தேயிலைப் பெட்டிப் பலகை சாமித் தட்டானது. இதற்கு இப்போது மீள்பயன்பாடு என்று பாடப்புத்தகத்தில் பெயர் வைத்து, நானே எட்டாம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "இல்லாத கொடுமைக்குப் பேரா?" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குக் கொஞ்சம் சுட்டது. விருப்பத்துக்குச் செய்வதும் வேறு வழியின்றிச் செய்வதும் ஒன்றல்ல என்பதை, அழகுக்காக டின்னுக்கு நீலம் பூசும் என் கை மறந்துவிடக் கூடாது.

தேயிலைப் பெட்டி ஒன்று மாமா வீட்டில் அரிசிப் பெட்டியாக இருந்து, அவர் காலத்துக்குப் பின் எனக்கு வந்தது. தொழிற்சாலைகள் காகித மூட்டைக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டதால் இப்போது இந்தப் பெட்டி சுலபத்தில் கிடைப்பதில்லை. ஒட்டுப்பலகை, ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈயம்போல் பளபளக்கும் அலுமினியத் தாள். பக்கத்தில் பி.ஓ.பி. (BOP) என்ற தேயிலை வகைக் குறியும் அதன் கீழே நிறையும் மங்கலாகத் தெரிகின்றன. நிறையின் கடைசி இலக்கம் அழிந்துவிட்டது. இதை வாசலில் மேசையாகப் போட்டேன். இரண்டு மாத மூடுபனியில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஓரத்தில் பிரிந்து, பழைய புத்தகத்தின் மட்டைபோல் விரியத் தொடங்கின. ஆகவே அதை இறவாரத்துக்குள் இழுத்து, அடியில் நான்கு செங்கல் வைத்திருக்கிறேன். வாசலுக்கு மேசையாக இப்போது இருப்பது பிடுங்கிய தேயிலைச் செடி ஒன்றின் அடிக்கட்டை. பல தடவை கவ்வாத்து வெட்டு வாங்கி முண்டும் முடிச்சுமாகத் தடித்த கட்டை. கவிழ்த்தால் வேர்கள் கால்களாக நிற்கின்றன. மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பதற்கே இரண்டு ஞாயிறு போயிற்று. மழையோ வெயிலோ அதை ஒன்றும் செய்யவில்லை.

டயர் விஷயத்தில் மட்டும் நீ மிகக் கவனமாக இருக்க வேண்டும். த்ரீவீலர் திருத்துமிடத்தில் சும்மாவே தருவார்கள், அடுக்கிச் சாயம் பூசினால் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் டயரின் உள்மடிப்பைப்போல் நுளம்புக்கு வசதியான இடம் வேறில்லை. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதை நீ மறந்திருக்க மாட்டாய். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் குடியிருப்பவரைத்தான் கேட்பார். இங்கே குளிரில் நுளம்பு குறைவு என்று நானும் சும்மா இருக்கவில்லை. மேற்பக்கச் சுவரை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டேன். கத்தியைச் சவர்க்கார நீரில் நனைத்து நனைத்து அறுத்தால் இறப்பர் வழுக்கிக்கொண்டு போகும். உள் வளையத்திலும், சில டயர்களில் தரையில் உருளும் நடைப் பகுதியிலும் இரும்புக் கம்பி இருப்பதால் அங்கே கத்தி வைக்காதே. கீழ்ப்பக்கம் ஓரடிக்கு இரண்டு துளை போட்டு, மடிப்புக்குள் மண் கெட்டியாக இறங்கும்படி குச்சியால் குத்தி நிரப்பினேன். டயரில் டேலியா மட்டும்தான். தின்னும் கீரையை அதில் போட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் கொத்தமல்லி அரிசிச் சாக்கில் வளர்கிறது.

ஒன்றை மட்டும் தொடவே இல்லை. பக்கத்து வீட்டில் கூரை மாற்றியபோது உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடுகளைப் பாத்தி ஓரத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உனக்கும் யாராவது அன்போடு கொடுப்பார்கள், வாங்காதே.

உன் ஊருக்கு இதில் பாதி பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காற்றும் ஈரமும் பகை, உனக்கு வெயில். கறுப்பு டயரும் தகர டின்னும் உங்கள் சித்திரை வெயிலில் செடியின் வேரை அவித்துவிடும். வைப்பதானால் வெள்ளை பூசி, நிழலில் வை. பிளாஸ்டிக் போத்தலை வெட்டி வரிசையாகத் தொங்கவிடுவது எனக்கு இங்கேயே பிடிக்கவில்லை. அங்கே வெயிலில் அது மொறுமொறுத்து உடைந்து, ஒரு போத்தல் நூறு துண்டாகி மண்ணோடு கலந்துவிடும். நீ உன் பழைய பருத்திச் சேலைகளை இரண்டாக மடித்துத் தைத்து நிழல் திரையாகக் கட்டிப் பார். பனையோலைக் கடகம் அங்கே அடிவிட்டுப் போய்க் கிடக்குமே, அதற்குள் சாக்கு வைத்துச் செடி நட்டால் ஓரிரண்டு பருவம் நிற்கும், பிறகு அதுவே உரமாகிவிடும்.

இவ்வளவுக்கும் பரிசு என்ன என்று கேட்கிறாயா? போன வாரம் வீட்டுக்கார அம்மா விருந்தினரோடு வந்து வாசலைச் சுற்றிக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு, போகும்போது அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை இரண்டாயிரம் ரூபா கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் இப்போது பார்வையாக இருக்கிறதாம்! அன்றிரவு கோபத்தில் ஒரு தாளை எடுத்து, எதை எதை லொறியில் ஏற்றலாம் என்று எழுதினேன். மறைப்பு, கட்டை, ஐந்து டயர், இருபத்திரண்டு டின், பெட்டி, வாளிகள்; ஒரே நடையில் எல்லாம் போய்விடும். காலையில் தாளைப் பார்த்த அம்மா, கட்டோரத்து ரோசாவை விட்டுவிட்டாயே என்றார். எனக்குத் தெரியாமலே, போன ஐப்பசி மழையில் ஒரு கொப்பை மண்ணில் குத்தி வைத்திருக்கிறார். நிபந்தனையெல்லாம் எனக்குத்தானாம், அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். செடி இடுப்பளவு வளர்ந்து ஏழு மொட்டு விட்டிருக்கிறது. வாடகையைக் கூட்டித்தான் கொடுப்போம் என்று நினைக்கிறேன்.

மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது அடிவிட்ட கடகம் இரண்டு மூன்று கொண்டு வா. இந்த ஈரத்தில் பனையோலை எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். உனக்காக டேலியாக் கிழங்கு எடுத்து வைத்திருப்பேன், அந்த வெக்கையில் பிழைக்குமா என்பதை நீதான் வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் நாம் போட்டுக்கொண்ட சுவெட்டரை இன்னும் வைத்திருந்தால் எடுத்து வா. வன்னிக்குப் போன பிறகு குளிர் என்றால் என்ன என்பதே உனக்கு மறந்திருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி.