தோடியின் காந்தாரமும் கீபோர்டின் எல்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாஸ்திரிய இசையை எலக்ட்ரானிக் ஒலியோடு கலக்கும் இன்றைய இசையமைப்பாளர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கலப்பு தேவையா, தேவையில்லையா என்பதிலேயே முக்கால்வாசிக் கட்டுரை ஓடிவிட்டது. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகம் எந்திரத்தில் வராது என்ற தீர்ப்போடு முடிந்தும் விட்டது. அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. கமகம் வராமல் போகும் இடங்கள் உண்டுதான். அவை எவை, ஏன் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அத்துப்படி. பெட்டியைப் பிரித்தபோது கருவி எந்த அமைப்பில் இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாசிப்பதால் வருகிற கோளாறுகளே அவற்றில் அதிகம்.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண காந்தாரம் நிலையாக நிற்கும் சுரம் அல்ல. சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் அந்த ரிஷபம் ஒரு அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்), காந்தாரம் மூன்று, மத்யமம் ஐந்து. ஆகவே காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைக் கீழே இரண்டு, மேலே இரண்டு அரைச்சுரம் வளைக்க வேண்டும். பெரும்பாலான கீபோர்டுகளில் சக்கரத்தின் எல்லையும் சரியாக அந்த இரண்டுதான். கணக்கு பொருந்துகிறதே, பிறகென்ன என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் தெரியும். சக்கரம் இரு பக்கமும் போய் முட்டி நிற்கிறது. மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் குரல் திரும்புகிற அந்த வளைவு கிடைப்பதில்லை. ஊஞ்சல் சுவரில் இடிப்பதுபோல் ஒவ்வொரு அசைவும் மொட்டையாக முடிகிறது.

எல்லையை 4 அல்லது 5 என்று மாற்றிக்கொண்டு, பாதி வழியில் கையைத் திருப்பப் பழகினால் சரியாகும். ஆசைப்பட்டு 12க்குப் போகக் கூடாது. கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் சக்கரத்தின் முழு ஓட்டத்துக்கு 16,384 படிகள் உண்டு என்றாலும், மலிவான சில கீபோர்டுகள் 128 படிகளையே அனுப்புகின்றன. எல்லை 12 என்றால் மேலும் கீழுமாக 2,400 சென்ட்; அதை 128ஆல் வகுத்தால் படிக்குப் பத்தொன்பது சென்ட். ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. பத்தொன்பது சென்ட் படி காதில் ரம்பம் அறுப்பதுபோல் விழும். எல்லை 4 என்றால் படி ஆறு சென்ட்தான்; வழுக்கல் வழுக்கலாகவே கேட்கும்.

பழைய மிடியில் இன்னொரு சங்கடம். வளைவு ஒரு சேனலுக்கு, அதாவது ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களுக்கும், மொத்தமாகப் போகும். இடக்கை ஸட்ஜத்தைப் பிடித்திருக்க, வலக்கை காந்தாரத்தை அசைத்தால் ஸட்ஜமும் கூடவே ஆடும். ஆதாரமே ஆடினால் ராகம் எங்கே நிற்பது? ஆதாரத்துக்கும் பாட்டுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்தால் தீர்ந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் தரும் எம்.பி.இ. முறை 2018இல் மிடி தரத்தோடு சேர்ந்தது. அதில் வளைவின் வழக்கமான எல்லை 48 அரைச்சுரம். கருவி 48இலும் ஒலி தரும் மென்பொருள் 2இலும் இருந்தால், விரல் ஒரு அரைச்சுரம் நகரும்போது ஒலி நான்கு சென்ட்தான் நகரும். கமகமே காணாமல் போகும். தலைகீழாக இருந்தால் அதே விரல் அசைவு இரண்டு ஸ்தாயி தாவும். இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்காமலேயே "இந்தக் கருவி நம் இசைக்கு ஆகாது" என்று மூட்டை கட்டி வைத்தவர்கள் நிறையப் பேர்.

கட்டைகளே இல்லாத கருவிகளும் வந்து நாளாகிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினியூம், சிவப்பு நிறத்தில் மெத்தென்ற ஒரே பரப்பு. விரல் இடம் வலம் நகர்வது, முன் பின் நகர்வது, அழுத்துவது மூன்றையும் தனித்தனியாகப் படிக்கும். ஏ.ஆர். ரஹ்மான் அதை 2009இல் வெளிவந்த 'டில்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் இறுதியில் வாசித்திருக்கிறார். எந்திரத்தில் கமகம் வராது என்பவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கேட்டால் போதும். அந்தக் கருவியிலும் விரலை அருகிலுள்ள அரைச்சுரத்துக்கு இழுத்துச் சேர்க்கும் வசதி ஒன்று உண்டு. அதை ஏற்றி வைத்துவிட்டுத் தோடி வாசித்தால் பழைய கீபோர்டுக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

கட்டுரை இந்தக் கலப்பு ஏதோ நேற்று முளைத்தது போலப் பேசுவதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1982இல் பம்பாய் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். பைரவ், லலித், தோடி, யமன், மால்கௌன்ஸ் எல்லாம் உண்டு. கருவிகள் மூன்றும் ரோலண்டு: தாளத்துக்கு டி.ஆர். 808, அடிநாதத்துக்கு டி.பி. 303, பாட்டுக்கு ஜூபிடர் 8. பாஸ் கிட்டாருக்கு மாற்றாக விற்ற 303இல், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல ஒரு பொத்தான் இருந்தது. எந்தச் சுரத்துக்கு வழுக்கல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத்தான் பதிய வேண்டும். ராகம் தெரிந்தவர் கையில் அந்தப் பொத்தான், இந்துஸ்தானி இசையில் மீண்டு என்று சொல்லும் வழுக்கலின் சாயலைக் கொடுத்தது. ஆனால் வழுக்கும் வேகம் ஒன்றே ஒன்றுதான். மெல்ல ஏறும் வழுக்கலும் சட்டென்று இறங்கும் வழுக்கலும் அதில் ஒரே அச்சு. ராகத்தின் நுணுக்கத்தை அவர் கையால் வாசிக்கும் ஜூபிடரிடம் விட்டார். அப்போது தட்டு விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. சிங் 2015இல் காலமானார்.

கமகத்தை உண்மையிலேயே கொல்வது ஆட்டோ-டியூன். 1997இல் வந்த இந்த மென்பொருள், பாடிய சுரத்தை மிக அருகிலுள்ள 'சரியான' சுரத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. நொடிக்கு ஐந்து முறை அசையும் கம்பிதம் என்ற கமகத்தில் ஒரு பக்கம் போக நூறு மில்லிநொடிதான் ஆகும். இழுக்கும் வேகத்தைப் பத்து, இருபது மில்லிநொடிக்கு வைத்தால் வழுக்கல் படிக்கட்டாகிறது. தோடியின் ஏழு சுரங்களை மட்டும் அனுமதித்தால் அந்தக் காந்தாரம் ரி-க-ம, ம-க-ரி என்று சரளி வரிசை பாடும். பன்னிரண்டு சுரத்தையும் அனுமதித்தாலோ, போகிற வழியில் சதுஸ்ருதி ரிஷபத்திலும் அந்தர காந்தாரத்திலும் நின்றுவிட்டுப் போகும். பாடகர் பாடாத அன்னிய சுரம் பதிவில் வந்து உட்கார்ந்துவிடும். பாடியவர்தான் திட்டு வாங்குவார். கர்நாடகக் குரலுக்குத் தானியங்கித் திருத்தம் கூடவே கூடாது. தவறிய ஒரு கார்வையை, அதாவது நீண்டு நிற்கும் சுரத்தை, மட்டும் கையால் நகர்த்தலாம். அப்போதும் அசைவு முழுவதையும் ஒரே துண்டாகச் சேர்த்துப் பிடித்து நகர்த்த வேண்டும். மென்பொருள் தானாகவே அதை மூன்று சுரமாக வெட்டி வைத்திருக்கும்.

சுருதியில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. கேட்பவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய முறையில் சி) ஸட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். தம்புராவின் அந்தத் தந்தியிலிருந்து ஸ்வயம்புவாக, தானே எழும் அந்தர காந்தாரம் அதன் ஐந்து மடங்கு, அதாவது 654 ஹெர்ட்ஸ். கீபோர்டில் அதே இடத்துக் காந்தாரம் 659.3. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஐந்து விம்மல். பின்னணியில் நீளமாக விரியும் சின்தசைசர் ஒலியில் காந்தாரத்தை வைத்தால் தம்புரா முழுக்க இந்த நடுக்கம் ஏறிவிடும். பின்னணியில் ஸட்ஜ பஞ்சமம் மட்டும் வைப்பது எளிய வழி. காந்தாரம் வேண்டுமென்றால் மென்பொருளின் சுர அமைப்பில் அதை 14 சென்ட் இறக்க வேண்டும். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டு சென்ட்தான், விட்டுவிடலாம். ஆனால் தம்புராவைக் காதால் சேர்த்தவர் கீபோர்டின் ஸட்ஜத்தோடு ஒரு முறை ஒத்துப்பார்க்கவில்லை என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பலிக்காது.

பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் பின்னணி கார்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. மோகனத்துக்கு மேல், எல்லாப் பாட்டுக்கும் போடுகிற சி, ஜி, ஏ மைனர், எஃப் வரிசையைப் போடுகிறார்கள். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. எஃப் கார்டின் அடியே மத்யமம். ஜி கார்டின் நடுவில் நிஷாதம். நாலில் இரண்டு ராகத்துக்கு வெளியே. நீண்ட ரிவெர்பும் இதே வேலையைத்தான் செய்கிறது: நான்கு நொடி எதிரொலியில் போன சுரம் வருகிற சுரத்தின் மேல் படிந்துகொண்டே இருக்கும்.

தாளத்தில் அடிக்கடி நடக்கிற தவறு எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில். ஆதி தாளத்தில் எத்தனையோ கீர்த்தனைகள் தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்குவதில்லை. அரை இடம் தள்ளி எடுக்கும். பதிவு செய்த குரலைத் துண்டாக எடுத்து, பாட்டின் முதல் எழுத்தைக் கணினிக் கட்டத்தின் முதல் கோட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கிக் டிரம்மின் அடியும் விழுகிறது. ஆக, எடுப்பு சமமாகிவிட்டது. தாளம் முழுக்க அரைத் தட்டு நகர்ந்துவிட்டது. மிருதங்கக்காரர் சமத்துக்குத் தீர்மானம் என்ற முத்தாய்ப்பை வைத்தால் அது நொண்டியடிப்பதுபோல் கேட்கும். குற்றம் அவருடையதல்ல. பாட்டுக்கு முன் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, வெறும் தாளத்தைத் தட்டிப் பதிந்துகொண்டு, அந்த முதல் தட்டைக் கோட்டில் வைத்தால் இந்தக் குழப்பமே வராது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்துக்கு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் நாலு எண்ணிக்கை லூப்பைப் போட்டால் இரண்டும் நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு முறைதான் சேரும். தெரிந்து செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் விபத்து.

காலப்பிரமாணத்தையும், அதாவது பாட்டின் வேகத்தையும், எந்திரத்திடம் முழுக்க ஒப்படைக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 80இல் தொடங்கிய கீர்த்தனை சிட்டைசுரத்தில் 83ஐத் தொடுவது இயல்பு. குரலையும் மிருதங்கத்தையும் வேகம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் முதலில் பதிந்து, ஒவ்வொரு சமத்திலும் ஒரு குறி வைத்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டெம்போ மேப் எடுத்தால், எலக்ட்ரானிக் ஒலிகள் அந்த ஓட்டத்தைத் தொடரும். வேலை கூடுதல், ஒரு பாட்டுக்கு அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் குரலைத் தானாக நீட்டிச் சுருக்கும் வசதியைத் தட்டிவிடுகிறார்கள். தாள வாத்தியத்துக்கென்ற முறையில் குரல் போனால் கார்வை விக்கும்.

கிக் ஒலியையும் சுருதி சேர்க்க வேண்டும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையை ஸட்ஜத்துக்குக் கூட்டியிருக்கும்போது, கிக் மட்டும் தன் போக்கில் 53 ஹெர்ட்ஸில் உறுமினால் அடியில் அன்னிய சுரம். 49 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒரு கட்டைக்கு அது பஞ்சமம், ஐந்து கட்டைக்கு ஸட்ஜம். 808 வகைக் கிக்கின் நீண்ட வாலையும் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கமான தொப்பியில் கும்கி கொடுக்கிற வழுக்கல் அதற்குள் மூழ்கிவிடும். மிருதங்கத்தில் மிஞ்சுவது வலந்தலையின் சாப்பு அடி மட்டும்தான்.

எலக்ட்ரானிக் கருவி மேடைக்குப் புதிதா என்ன? பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய எலக்ட்ரானிக் தம்புரா 1970களின் இறுதியிலிருந்து உண்டு. யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி மின் மாண்டலினில் வாசித்ததைக் கமகம் இல்லாத இசை என்று சொல்ல முடியுமா?

கட்டுரையில் ஒரு திருத்தமும் தேவை. தம்புராவும் சுருதிப்பெட்டியும் ஒன்று என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. சுருதிப்பெட்டி இடைவிடாமல் ஒரே நாதமாக ஒலிக்கும். தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுகிறோம். அந்த மீட்டு தாளத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இதைக் கவனிக்காமல் தம்புராவைக் கட்டத்துக்குள் அடைத்து, தட்டுக்கு ஒரு தந்தி என்று விழவைத்தால் அது ஆதாரமாக இருப்பதை விட்டுவிட்டு நாலு சுர லூப்பாகிவிடும். கிக் விழும்போதெல்லாம் மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் சைட்செயினிலிருந்தும் தம்புராவை எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவுக் கலைஞர்,
வடபழனி, சென்னை.