ஏரிய தூர்வாரப் போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏரி சீரமைப்பு திட்டம் நடத்துற அதிகாரிகள், என்ஜினியர்கள், கான்ட்ராக்ட் எடுத்திருக்கவங்க எல்லாருக்கும் வணக்கம்.

தூர்வார வேணாம்னு சொல்ல நான் இத எழுதல. மேடேறி, ஆகாயத்தாமரை மூடி, சாக்கடை கலந்து கிடக்குற ஏரிய மீட்டே ஆகணும். ஆனா தண்ணிய வடிச்சு பொக்லைன இறக்குறதுக்கு முன்னாடி அந்த சேத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாராச்சும் பாத்தீங்களா?

மனுசன் எப்பவுமே தண்ணிய ஒட்டித்தான் குடியிருந்தான். அதுவும் ஏரி சேத்துக்குள்ள ஆக்ஸிஜன் போகாது, அதனால வேற இடத்துல என்னைக்கோ மக்கிப் போயிருக்க வேண்டிய மரம், கயிறு, துணி, விதையெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். சுவிட்சர்லாந்துல இருக்கிற சூரிச் ஏரியில 1853-54 குளிர்காலத்துல தண்ணி ரொம்ப இறங்குனப்போ ஓபர்மைலன்ங்கிற இடத்துல ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கம்பம் நட்டு கட்டுன வீடுகளோட பழைய மரக்கம்பங்க வெளிய தெரிஞ்சுது, உள்ளூர் வாத்தியார் ஒருத்தர் கண்டுக்காம விடாம தகவல் சொல்லப்போய்த்தான் தொல்லியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் கெல்லர் வந்து ஆராய்ச்சி பண்ணாரு. ஆல்ப்ஸ் மலையச் சுத்தி ஆறு நாட்டுல இந்த மாதிரி பழங்காலக் கம்பவீட்டுக் குடியிருப்புங்க இருந்த 111 இடங்கள 2011ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்துருக்காங்க.

நூத்துக்கணக்கான வருஷம் தண்ணியில ஊறுன மரம் எப்படி இருக்கும் தெரியுமா, பாக்க கட்டையாத்தான் இருக்கும், நகத்த வச்சு அமுக்குனா ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள இறங்கும். உள்ள சத்தெல்லாம் கரைஞ்சு போய் தண்ணிதான் அதோட வடிவத்த தாங்கிட்டு இருக்கு, அத வெயில்ல போட்டா சுருங்கி, முறுக்கிக்கிட்டு, வெடிச்சுடும், அப்புறம் யாராலயும் பழைய மாதிரி ஆக்க முடியாது. 1986ல வறட்சியில இஸ்ரேல்ல இருக்கிற கலிலேயா கடல் (பேர்தான் கடல், அது நன்னீர் ஏரி) வத்துனப்போ மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேத்துல ஒரு படகு கிடக்குறத பாத்தாங்க. எட்டு மீட்டருக்கு மேல நீளம், சுமார் 2000 வருஷப் பழசு. ராத்திரி பகலா தோண்டுனவங்க மரம் காய்ஞ்சிடக் கூடாதுன்னு தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தாங்க, கடைசியில ஃபோம் வச்சு மொத்தமா பொதிஞ்சு தண்ணியில மிதக்க விட்டே கொண்டு போனாங்க. அந்த எடத்துல ஒரு மிஷின் முதல்ல இறங்கியிருந்தா அது வெறும் மரத்துண்டா லாரியில போயிருக்கும்.

அதனால டெண்டருக்கு முன்னாடியே தொல்லியல் ஆளுங்கள கூப்பிடுங்க, வேலை பாதி முடிஞ்சப்புறம் இல்ல. ஒலி அலைய அனுப்பி தண்ணிக்கடியில இருக்கிறத காட்டுற சோனார் கருவிய வச்சு படுகைய பாருங்க, வண்டல்ல குழாய் இறக்கி மாதிரி எடுங்க, அந்த அடுக்கடுக்கான மண்ணுல இருக்கிற மகரந்தத் தூளே அந்தக் காலத்துல சுத்தி என்ன காடு, என்ன பயிர் இருந்துச்சுன்னு சொல்லும். அங்க மீன் பிடிக்கிறவங்ககிட்ட வலை எங்கெங்க சிக்கும்னு கேளுங்க, எந்த மேப்லயும் இல்லாத விஷயம் அவங்களுக்குத் தெரியும். கரையில சாமி கும்பிடுற இடம், முன்னோர புதைச்ச இடம் இருந்தா அந்த மக்கள உக்கார வச்சு பேசாம கோடு கூட போடாதீங்க. தோண்டாம இருக்குற இடத்துலயே விட்டு காப்பாத்த முடியுமாங்கிறதத்தான் முதல்ல யோசிக்கணும்னு தண்ணிக்கடியில இருக்கிற பாரம்பரியச் சின்னங்களப் பத்தின யுனெஸ்கோவோட 2001 உடன்படிக்கையே சொல்லுது. வாரின மண்ண கொட்டுற இடத்தையும், லாரி போற தற்காலிக ரோட்டையும் சேத்து பாக்கணும், எல்லாரும் மறக்குறது இதத்தான்.

இன்னொன்னு, எனக்கு இதுதான் முக்கியம். உலக வங்கி பணம் குடுக்குற திட்டங்கள்ல மண்ணு தோண்டுற கட்டுமான ஒப்பந்தத்துல தற்செயலா பழம்பொருள் கிடைச்சா என்ன செய்யணும்னு ஒரு விதிமுறை இருந்தாகணும். ஆனா பேப்பர்ல இருந்தா போதுமா? பழசு எதாச்சும் தட்டுப்பட்டா முதல்ல பாக்குறது பொக்லைன் ஓட்டுறவர்தான். நிறுத்துனா அன்னைக்கு கூலி போகும், முதலாளி திட்டுவாருன்னா அவர் எப்படி நிறுத்துவாரு? நின்ன நேரத்துக்கும் வாடகையும் கூலியும் உண்டுன்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. நிறுத்துற அதிகாரம் அவருக்கே இருக்கட்டும். யாருக்கு போன் பண்ணணும்ங்கிற நம்பர அவர் சீட்டுக்கு முன்னாடி கண்ணாடியில பெருசா ஒட்டி வைங்க.