இடித்த வீட்டின் செங்கல்

அன்பு மகளுக்கு,

பழைய வீட்டை இடித்த செங்கலையும் காரையையும் லாரிக்காரரிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாய். கொஞ்சம் பொறும்மா. அவர் கொண்டுபோய் எந்த ஏரிக்கரையில் கொட்டுவாரோ தெரியாது. அதில் நல்ல பங்கு உன் புது வீட்டுப் பூச்சுக் கலவைக்கே ஆகும்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டி 1895-இல் முடித்ததுதான். சுர்க்கி என்றால் மாவாக இடித்த செங்கல். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்கா ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். அனல் மின் நிலையச் சாம்பலும் அப்படித்தான்; சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு தானும் இறுகும். நீ வாங்கும் பி.பி.சி. என்கிற கலப்பு சிமெண்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அந்தச் சாம்பல் ஏற்கெனவே இருக்கும். அதனால் மேற்கொண்டு சாம்பல் சேர்க்க யாரையும் விடாதே.

ஆனால் கொரகொரப்பாக உடைத்த செங்கல் வெறும் மணல் மாதிரிதான். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடலாம், சிமெண்டைக் குறைக்கக் கூடாது. இதைக் குழப்பிக்கொண்டு சிமெண்டில் கைவைக்கிற கொத்தனாரைக் கண்டால் எனக்குக் கோபமாக வரும்.

ஹாலில் இருந்த பி.ஓ.பி. சீலிங், அதாவது ஜிப்சம் மாவில் செய்த சீலிங், அதன் துண்டு ஒன்றுகூட இதில் கலக்கக் கூடாது. ஜிப்சத்தில் இருக்கும் சல்ஃபேட், ஈரம் பட்டால் சிமெண்டோடு சேர்ந்து நாளடைவில் உப்பிப் பூச்சை வெடிக்க வைக்கும். உப்புப் பூத்த அடிச்சுவர்ச் செங்கலையும் தனியே ஒதுக்கு. மீதியை உடைத்து, சலித்து, முந்தின நாளே நனைத்து வை. உலர்ந்த செங்கல் தூள் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

பூசியபின் தண்ணீர் விட்டு நனைப்பதை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதே. சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகத்தான் வலுவேறும். இந்த மாதிரி சிமெண்ட் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, வெயில் காலத்தில் 14. பூச்சுக்கும் அதையே வைத்துக்கொள்.

தூண், பீம் பக்கம் இதைக் கொண்டுபோகாதே. காம்பவுண்டு சுவரில் முதலில் ஓரிடம் பூசிப் பார். வெடிப்பு விழுந்தால் செங்கல் தூளைக் குறை. அப்படியும் மிஞ்சுவதைச் சென்னை மாநகராட்சி ஆட்களிடம் கேட்டு, பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ உள்ள கட்டடக் கழிவு ஆலைக்கு அனுப்பிவிடு.

பூசிய இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா