நிலா வைத்த பொறி

அன்புள்ள சங்கரா,

பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். என் மூட்டுவலி அப்படியேதான். நம்மூர்க் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. எனக்கு அது போதும்.

தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் படித்துறைக்குப் போனேன். கையில் கம்பி வளையத்தில் ஜார்ஜெட் சேலைத் துண்டைத் தைத்த ஒரு வலை (சேலை யாருடையது என்று வீட்டில் இன்னும் தெரியாது). மாலை ஐந்து மணிக்கு மேல்தண்ணீரை அரித்தால் பாசிதான் வந்தது. இருட்டியபின் அதே இடத்தில் அரித்து, தம்ளரில் ஊற்றி டார்ச் அடித்தேன். நொய்யரிசியைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்! எல்லாம் தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள். தண்ணீர்த் தெள்ளு என்கிற டாப்னியா துள்ளித் துள்ளி ஏறுகிறது. ஒற்றைக் கண் பூச்சி சைக்ளாப்ஸ் சட்டென்று தாவி நிற்கிறது. அந்தக் காலத்தில் நரம்புச்சிலந்திப் புழு நோயைப் பரப்பிய அதே சைக்ளாப்ஸ்தான்.

இவை பகலில் மீன்களின் கண்ணில் படாமல் அடியில் பதுங்கிக் கிடக்கும். இருட்டினதும் மேலே வந்து பாசி மேயும். விடியுமுன் திரும்ப இறங்கிவிடும். வெளிச்சம்தான் இவற்றுக்குக் கடிகாரம். தண்ணீரில் மீன் வாடை இருந்தால் பகலில் இன்னும் ஆழத்துக்குப் போகும். நம் குளத்தில் ஆறேழு அடிதான் பயணம். ஆழமான ஏரிகளில் ஒரு மில்லிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு தினமும் பல மீட்டர் ஏறி இறங்குகின்றன.

என்னை ஆட்டிவைத்தது வேறொன்று. மொசாம்பிக்கில் கஹோரா பாசா என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம். அங்கே இந்த உயிர்களின் எண்ணிக்கை நிலாவோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கிளிவிச் என்ற போலந்துக்காரர் 1986-ல் எழுதினார். பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில் நிலா தினமும் முக்கால் மணிக்கு மேல் தாமதித்து எழும் அல்லவா? பொழுது சாய்ந்ததும் இருட்டை நம்பி இவை மேலே வந்துவிடும். அப்புறம் திடீரென்று நிலா. காத்திருக்கும் கபென்டா என்ற சிறு மத்திமீன்களுக்குக் கொண்டாட்டம். பௌர்ணமியன்று அந்தியிலேயே நிலா வந்துவிடுவதால் இந்த ஏமாற்று இல்லை.

அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டரை வாக்கில் பனைகளுக்கு மேலே நிலா வந்தது. கொஞ்ச நேரத்தில் கரையோரம் 'சளப் சளப்' என்று குஞ்சு மீன்கள். பசியா, விளையாட்டா? ஒரு ராத்திரியை வைத்துச் சொன்னால் நீயே சிரிப்பாய். நாலைந்து ராத்திரி எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுந்தபோது பாசிப்படியில் வழுக்கிவிட்டேன். முழங்கால் தப்பியது, லென்ஸ் குளத்துக்குள் போய்விட்டது. மாசிப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் இங்கே இருப்பதுபோல் கிளம்பி வா, காலேஜ் காலத்து உன் லென்ஸையும் மறக்காமல் எடுத்து வா. சேலை பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

உன்
பிச்சையா