பாப்பாவுக்கு ஒரு நாய்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே தக்கலையில் மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது.

பாப்பாவுக்கு ஹஸ்கி குட்டி வாங்க அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் மக்கா அது. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். நம்ம ஊரிலோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, மற்ற நாளெல்லாம் புழுக்கம். ஏசி அறைக்குள் அடைத்து வைக்கவா ஒரு உயிரை வாங்குவது?

விற்கிறவரிடம் குட்டியின் தாயைக் காட்டச் சொல். 2017-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு நாயை ஆயுளில் 5 தடவைக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. தாயைக் காட்டாமல், 'பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கொண்டு தாறேன்' என்றால், ஈன்று ஈன்று வற்றிப்போன ஒரு பெட்டை எங்கோ கூண்டில் கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். நாம் கொடுக்கிற காசுதான் அதை மறுபடியும் சினையாக்குகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டு நாய் செம்பி, குலசேகரம் பக்கம் வண்டி அடித்து ரோட்டோரம் கிடந்தவள். சில பையன்கள் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுத்தான் தந்தார்கள். வந்த புதிதில் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். பெருக்க வாரியலை எடுத்தாலே ஒடுங்குவாள். சோற்றை வைத்துவிட்டு விலகி இருந்தோம். அவளாகத்தான் வந்தாள். சாளை மீனை அவித்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்தால் அவளுக்குப் போதும். உண்ணியை மட்டும் தினமும் பார்த்து எடுக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் பொல்லாதது. வருசா வருசம் ஊசியும் தப்பக் கூடாது.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் குட்டியைவிட வளர்ந்த நாய்தான் நல்லது என்பேன். குட்டி பெரிதானால் எப்படி வரும் என்று யார் கண்டது? இரண்டு வயது நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் தெரியும். பிள்ளைகளிடம் எப்படி இருக்கும், தின்னும்போது கிட்டப் போனால் உறுமுமா என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தவர்களே சொல்லிவிடுவார்கள். தோதுப்படாது என்றால் தரவும் மாட்டார்கள்.

அந்தப் பையன்களிடம் இப்போது தவிட்டு நிறத்தில் ஒரு பெட்டை இருக்கிறது, நல்ல சாது. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அன்றைக்கே கொண்டுபோக வேண்டாம். இரண்டு மூன்று தடவை வந்து பழகட்டும், பிறகு முடிவு செய்யலாம். பார்வதிபுரத்தில் பஸ் ஏறும்போது போன் பண்ணு, நான் ஸ்டாப்பில் நிற்கிறேன். அதுவரை அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி